ஒரு 'யூ'வைக் காணோம்!

செருப்பு வார் அறுந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த அடி எடுத்து வைக்க முடியாது. ஆனால் காரின் பின்பக்கம் கிடக்கும் ஸ்டெப்னி டயரில் காற்று இல்லை என்பது எப்போது தெரியும்? ராத்திரி பதினொரு மணிக்கு, நடுரோட்டில், ஓடுகிற டயர் பஞ்சர் ஆகும்போதுதான் தெரியும். உபரியாக வைத்திருக்கும் பொருளின் குணமே இதுதான் நண்பர்களே! அது கெட்டுப்போனால் சத்தம் போடாது.

சர்வர் கம்ப்யூட்டர்களுக்கும் ஒரு ஸ்டெப்னி உண்டு. 'ரெய்டு 1' என்று பெயர். பேச்சு வழக்கில் 'மிரர்' என்போம். இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஒரே விஷயத்தை ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டே போவது. ஒன்று செத்தாலும் மற்றதை வைத்து சர்வர் ஓடும். கீபோர்டு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 'டிஸ்க் போனாலும் தெரியாது' என்று விற்கிறவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அதே வாக்கியத்தைக் கொஞ்சம் பயத்தோடு படித்துப் பாருங்கள். டிஸ்க் போனாலும் தெரியாது!

நமது லேப் சர்வரில் இந்த வருஷம் அப்படித்தான் ஆனது. அதைச் சரி செய்த விதத்தை நமது டிபார்ட்மெண்ட் தம்பி தங்கைகளுக்காகவும், 'கம்ப்யூட்டர்னாலே எனக்கு அலர்ஜி' என்று சொல்லும் மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காகவும் எழுதுகிறேன்.

கொஞ்சம் வரலாறு

1988-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் ஆகிய மூவரும் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் காலத்துப் பெரிய ஐ.பி.எம். டிஸ்க் ஒன்றின் கொள்ளளவு 7500 எம்.பி. விலையோ யானை விலை. பர்சனல் கம்ப்யூட்டரில் போடும் சின்ன டிஸ்க் 100 எம்.பி.தான், ஆனால் மலிவு. யானைக்குப் பதிலாக எறும்புக் கூட்டத்தை வேலைக்கு வைத்தால் என்ன என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. 'ரெய்டு' என்ற சொல்லில் வரும் 'ஐ' என்ற எழுத்துக்கு முதலில் 'மலிவான' என்றுதான் அர்த்தம். பிற்காலத்தில் அதைத் 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள்.

அதே கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால், அவற்றில் ஏதோ ஒன்று 300 மணி நேரத்தில் போய்விடும். அதாவது இரண்டு வாரம்கூடத் தாங்காது. அதனால்தான் உபரி டிஸ்க் தேவைப்பட்டது. (இரண்டு டிஸ்க் வைத்து மிரர் செய்வது அவர்களுக்கு முன்பே இருந்த பழக்கம். அதை அவர்கள் முதல் நிலையாக வரிசையில் சேர்த்தார்கள்.)

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உபரி டிஸ்க் போட்டபின் மொத்த அமைப்பு எத்தனை காலம் தாங்கும் என்று கணக்குப் போடும்போது, செத்த டிஸ்க்கை எவ்வளவு நேரத்தில் மாற்றுகிறோம் என்பதும் அந்த ஃபார்முலாவில் ஒரு எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. மாற்ற ஆகும் நேரம் கூடக்கூட, இரண்டு டிஸ்க் வைத்த பலன் குறைந்துகொண்டே போகும். மனுஷன் வந்து பார்த்து மாற்றுவான் என்று நம்பித்தான் ரெய்டு கட்டப்பட்டிருக்கிறது. யாரும் வரவில்லை என்றால்?

'சார், ஒரு யூ-வைக் காணோம்!'

லினக்ஸில் இந்த மிரர் வேலைக்குத் தனியாகக் கார்டு வாங்கத் தேவையில்லை. கெர்னலே பார்த்துக்கொள்ளும். அதை நிர்வகிக்கும் புரோகிராமுக்குப் பெயர் எம்.டி.ஏ.டி.எம். எங்கள் லேபில் அதை 'எம்டி ஆடம்' என்றே கூப்பிடுவோம். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நீல் பிரவுன் 2001-ல் எழுதத் தொடங்கியது.

மிரர் எப்படி இருக்கிறது என்று பார்க்க 'எம்டிஸ்டாட்' என்ற ஒரு ஃபைல் உண்டு. 'பிராக்' டைரக்டரியில் இருக்கும். திறந்து பார்த்தால், இரண்டு டிஸ்க்கும் நலமாக இருக்கும்போது [யூயூ] என்று இரண்டு எழுத்து தெரியும். ஒரு யூ-வுக்கு ஒரு டிஸ்க். 'அப்' என்பதன் சுருக்கம். செத்துப்போன டிஸ்க்கின் இடத்தில் யூ-வுக்குப் பதில் ஒரு அடிக்கோடு நிற்கும். அவ்வளவுதான். மணி அடிக்காது, சிவப்பு விளக்கு எரியாது.

லினக்ஸ் பிராக்டிகல் வகுப்பில் சார் போர்டில் [யூயூ] என்று எழுதிப் போட்டுவிட்டு, "எல்லாரும் சர்வர்ல லாகின் பண்ணி இதைப் பாத்து அப்சர்வேஷன் நோட்ல எழுதுங்க" என்றார். கடைசி பெஞ்சில் இருந்து ஒரு குரல்.

"சார், இங்க ஒரு யூ-வைக் காணோம்!"

வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்துக்கொண்டே வந்து ஸ்கிரீனைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை. திரையில் [_யூ] என்று இருந்தது. எஸ்.டி.ஏ. என்ற முதல் டிஸ்க்கின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு 'எஃப்'. ஃபெயில்!

38 கடிதங்கள்

எப்போது செத்தது? லேப் டெக்னீஷியன் அண்ணா 'ரூட்' யூசரின் மெயில் பெட்டியைத் திறந்தார். உள்ளே 39 மடல்கள். முதல் மடல், டிஸ்க் செத்த நிமிஷத்தில் வந்தது. மீதி 38-ம் நாளுக்கு ஒன்றாக, 'மிரர் குறைந்த நிலையில் ஓடுகிறது' என்று ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்ன மடல்கள். டெபியன் லினக்ஸில் தினமும் ஒருமுறை இப்படிச் சோதித்து மடல் போடும் ஏற்பாடு இருக்கிறது. சர்வர் தன் கடமையைச் செய்துவிட்டது. ஆனால் அந்த மடல்கள் சர்வருக்குள்ளேயே இருக்கும் பெட்டியில்தான் விழுந்தன. வேறு முகவரி கொடுக்காவிட்டால் அது அங்கேதான் போடும். முதலில் சர்வரை அமைத்துக் கொடுத்தவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். அப்படி ஒரு பெட்டி இருப்பதே பிறகு வந்தவர்களுக்குத் தெரியாது.

38 நாள் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது அந்த சர்வர்! எல்லோரும் இரண்டு கால் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அதில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? மூன்று வருஷத்து இன்டர்னல் மார்க், அட்டெண்டன்ஸ், எங்கள் செட் மொத்தத்துக்கும் ஃபைனல் இயர் பிராஜெக்ட். வைரஸ் பயத்தில் லேபுக்குள் பென் டிரைவ் கொண்டு வரக்கூடாது என்பது நமது விதி. எனவே புரோகிராம் எழுதுவது, ரிப்போர்ட் டைப் அடிப்பது எல்லாமே அந்த சர்வரில்தான். பிராஜெக்ட் வைவாவுக்கு இன்னும் 12 நாள். "பேக்கப் எடுத்து வச்சிருக்கா அண்ணா?" என்று கேட்டோம். "மிரர் இருக்கேன்னு யாரும் எடுக்கலை தம்பி" என்றார். எங்கள் டீமில் ஒரு தோழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

முதலில் காப்பி!

சனிக்கிழமை மத்தியானம், லேப் காலியான பிறகு வேலையை ஆரம்பிப்பது என்று முடிவாயிற்று. எங்கள் டீம் ஐந்து பேரும் உதவிக்கு நின்றோம். நான் பேப்பரில் ஒவ்வொரு படியாக எழுதி, முடிந்ததும் டிக் அடிக்கும் வேலை.

புது டிஸ்க் மேஜை மேல் தயாராக இருந்தது. 'உடனே மாட்டிடலாமே' என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. சார் ஒத்துக்கொள்ளவில்லை. "மொதல்ல காப்பி. அதுக்கப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தொடணும்" என்றார்.

காரணத்தை விளக்கினார். மிஞ்சியிருக்கும் டிஸ்க்கும் செத்த டிஸ்க்கும் ஒரே நாளில் வாங்கிய ஜோடி. ஒரே மாடல், ஒரே உழைப்பு. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சொல்லும் 'ஸ்மார்ட்' ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், 41,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. அதாவது நாலரை வருஷத்துக்கும் மேல். கெட்ட செக்டார் கணக்கு 0, சந்தேகத்தில் உள்ள செக்டார் கணக்கு 0. அந்த இரண்டு சைபரைப் பார்த்ததும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனாலும் மிரரைத் திரும்பக் கட்டும்போது அந்த வயசான டிஸ்க்கை முதல் செக்டாரில் இருந்து கடைசி செக்டார் வரை முழுக்கப் படிக்க வேண்டும். எந்த இடம் காலி, எந்த இடத்தில் ஃபைல் என்பது மிரருக்குத் தெரியாது. அது 500 ஜி.பி.யையும் படிக்கும். நமக்கு வேண்டிய ஃபைல்களோ 140 ஜி.பி.தான். எனவே பெரிய வேலை வாங்குவதற்கு முன் சின்ன வேலையை வாங்கி, வேண்டியதை எடுத்துக்கொண்டுவிட வேண்டும்.

'ஆர்சிங்க்' கட்டளை கொடுத்து ஒரு வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தோம். ஒரு மணி நேரம் ஆனது. காப்பி ஆனதோடு விடவில்லை. சார் எங்கள் பிராஜெக்ட் ஃபைலை அந்த வெளி டிஸ்க்கில் இருந்து வேறு கம்ப்யூட்டரில் திறந்து காட்டச் சொன்னார். திறக்காத காப்பி காப்பியே இல்லை என்பது அவர் கட்சி.

எதைக் கழற்றுவது?

கேபினெட்டைத் திறந்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே தோற்றத்தில் இரண்டு டிஸ்க். எது செத்தது, எது உயிரோடு இருப்பது? தப்பாகக் கழற்றி, அதன்மேல் ஏதாவது எழுதியும் விட்டால், கதை முடிந்தது.

எஸ்.டி.ஏ., எஸ்.டி.பி. என்பதெல்லாம் லினக்ஸ் ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் வைக்கிற பெயர். அடுத்த முறை மாறிப்போகலாம். மாறாதது டிஸ்க் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர். செத்த டிஸ்க் பேசவே இல்லை, அதனிடம் நம்பர் கேட்க முடியாது. அதனால் உயிரோடு இருப்பதிடம் கேட்டோம். 'ஸ்மார்ட்சிடிஎல்' கட்டளை அதன் சீரியல் நம்பரைச் சொன்னது. பேப்பரில் பெரிதாக எழுதி, அடியில் 'இதைத் தொடாதே' என்று கோடு போட்டேன். இந்த நம்பர் எதில் இல்லையோ, அதுதான் கழற்ற வேண்டியது!

ஆஃப் செய்வதற்கு முன் இன்னும் இரண்டு காரியம் பாக்கி. ஒன்று, எம்டி ஆடத்துக்கு 'ரிமூவ்' கட்டளை கொடுத்துச் செத்த டிஸ்க்கைக் கணக்கில் இருந்து நீக்குவது. இரண்டாவது அதைவிட முக்கியம். சர்வரைக் கிளப்பும் 'கிரப்' என்ற பூட் லோடர், பார்ட்டிஷனுக்கு வெளியே டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும். நமது மிரரோ பார்ட்டிஷனுக்கு உள்ளே இருப்பதைத்தான் இரண்டாகக் காப்பி எடுக்கும். சோதித்தால், கிரப் முதல் டிஸ்க்கில், அதாவது செத்த டிஸ்க்கில் மட்டும் இருந்தது! ஓடிக்கொண்டிருக்கும்வரை சர்வர் ஓடும். ஒருமுறை கரண்ட் போய் யு.பி.எஸ்.சும் படுத்திருந்தால் திரும்ப எழுந்திருக்காது. டேட்டா அப்படியே இருக்கும், ஆனால் வாசல் கதவு இருக்காது. உயிரோடு இருக்கும் டிஸ்க்கில் 'கிரப் இன்ஸ்டால்' கொடுத்தபிறகுதான் அண்ணா சர்வரை நிறுத்தினார்.

கழற்றிய டிஸ்க்கை ஒரு பழைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தோம். கேபிள் கோளாறாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. 'டக்... டக்... டக்...' என்று பல்லி மாதிரி சத்தம் மட்டும் வந்தது. சரி, ஆத்மா சாந்தியடையட்டும்!

எதில் இருந்து எதற்கு?

கடையில் 500 ஜி.பி. டிஸ்க் கிடைக்காமல் 1 டி.பி.தான் கிடைத்திருந்தது. பெரிதாக இருந்தால் தவறில்லை, மீதி இடம் சும்மா கிடக்கும். சிறிதாக இருந்தால்தான் மிரர் ஏற்றுக்கொள்ளாது.

அடுத்த படி, பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பைப் புது டிஸ்க்கில் அப்படியே வரைவது. 'எஸ்எஃப்டிஸ்க்' என்ற புரோகிராம் இதை ஒரே வரியில் செய்யும். ஆபத்தும் அந்த ஒரே வரியில்தான் இருக்கிறது. இரண்டு டிஸ்க்கின் பெயரையும் இடம் மாற்றி அடித்தால், காலி டிஸ்க்கின் காலி அமைப்பு நல்ல டிஸ்க்கின் மேல் போய் உட்காரும். உபயோகத்தில் இருக்கும் டிஸ்க்கில் எழுத அந்த புரோகிராம் தயங்கும் என்பது உண்மைதான். அதை நம்பி யாராவது கிணற்றில் குதிப்பார்களா?

அண்ணா அதை இரண்டு படியாகப் பிரித்தார். முதலில் நல்ல டிஸ்க்கின் அமைப்பை ஒரு ஃபைலில் எழுதினார். ஃபைலைத் திறந்து எல்லோருக்கும் காட்டினார். பிறகு புது டிஸ்க்கின் சீரியல் நம்பரைக் கேட்டு, என் பேப்பரில் இருந்த நம்பர் அது இல்லை என்று என்னைச் சத்தமாகச் சொல்ல வைத்தார். அதன் பிறகு கட்டளையை டைப் அடித்து, என்டர் அடிக்காமல் கையை எடுத்தார்.

"படிடா."

படித்தேன்.

"இன்னொரு தடவை படி."

படித்தேன். என்டர் அடித்தார்.

கடைசிக் கட்டளை 'ஆட்'. புது டிஸ்க்கை மிரரில் சேர். ஒரு விநாடியில் முடிந்துவிட்டது. ஆனால் வேலை அப்போதுதான் ஆரம்பம்.

100 நிமிஷம்

மறுபடியும் எம்டிஸ்டாட். 'ரெகவரி 0.4 சதவீதம்.' பக்கத்தில் ஒரு நீளக் கோடு, அதன் முனையில் அம்பு. முடிய எத்தனை நிமிஷம் ஆகும் என்ற கணக்கும், விநாடிக்கு எத்தனை கிலோபைட் என்ற வேகமும் அங்கேயே தெரியும். ஆரம்பத்தில் விநாடிக்கு 118 எம்.பி. வேகம் இருந்தது.

ஹெச்.ஓ.டி. சார் வீட்டில் இருந்து மூன்று முறை போன் செய்தார். யாரோ டீ வாங்கி வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. பாதியைத் தாண்டியதும் வேகம் குறைய ஆரம்பித்தது. 90... 80... "அண்ணா, போயிடுச்சா?" என்று ஒருத்தன் அலறினான். அண்ணா சிரித்தார். டிஸ்க் தட்டின் வெளி வட்டம் பெரிது, ஒரு சுற்றில் நிறைய டேட்டா வரும். உள் வட்டம் சிறிது, ஒரு சுற்றில் குறைவாக வரும். ரெகவரி வெளியில் இருந்து உள்ளே போவதால் வேகம் குறையத்தான் செய்யும். முதல் வருஷத்தில் புத்தகத்தில் படித்த விஷயம்தான். அன்றைக்குத்தான் புரிந்தது.

வேறு யாராவது சர்வரில் வேலை செய்தால் கெர்னல் அவர்களுக்கு வழிவிட்டு ரெகவரியை மெதுவாக்கும். அதனால்தான் சார் சனிக்கிழமை மத்தியானத்தைத் தேர்ந்தெடுத்தது.

100 நிமிஷம் கழித்து கோடு மறைந்தது. [யூயூ].

கைதட்டியதில் வாட்ச்மேன் தாத்தா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்! புது டிஸ்க்கிலும் கிரப் ஏற்றி, இரண்டில் எதை வைத்தும் சர்வர் பூட் ஆகிறதா என்று தனித்தனியே சோதித்து முடிக்கும்போது இருட்டிவிட்டது. எங்கள் பிராஜெக்ட் பிழைத்தது. வைவாவும் நல்லபடியாக முடிந்தது.

மிரர் வேறு, பேக்கப் வேறு

நண்பர்களே, இந்த ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். மிரர் என்பது டிஸ்க் சாவதற்கு மட்டுமே மருந்து. நீங்கள் ஒரு ஃபைலைத் தெரியாமல் அழித்தால், அது இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது, காட்டியதைக் காட்டும். வைரஸ் வந்தாலும் இரண்டிலும் வரும். 2015 டிசம்பரில் சென்னையில் வந்த வெள்ளம் மாதிரி ஒன்று வந்தால், ஒரே பெட்டியில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகத்தான் மூழ்கும். பேக்கப் என்பது வேறு பெட்டியில், முடிந்தால் வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும்.

இப்போது நமது லேபில் வாரம் ஒருமுறை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து ஆபீஸ் பீரோவில் வைக்கிறார்கள். சர்வர் மடல்கள் மூன்று பேருடைய முகவரிக்குப் போகின்றன. சோதனை மடல் ஒன்று அனுப்பி, மூவருக்கும் வந்ததா என்று பார்த்தாயிற்று. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் டெபியனின் சோதனையும் ஓடுகிறது.

இதற்கெல்லாம் மேலாக லேப் கதவின் உள்பக்கம் ஒரு சார்ட் ஒட்டியிருக்கிறோம். தினமும் காலை முதலில் லேபுக்குள் வரும் மாணவர் எம்டிஸ்டாட்டைப் பார்த்து, இரண்டு யூ இருந்தால் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். 'மெயில்தான் வருதே, இது எதுக்கு?' என்று சிலர் கேலி செய்கிறார்கள். மெயில் அனுப்பும் புரோகிராமே நின்று போனால் மெயில் வராது. மெயில் வராததைப் பார்த்து எல்லாம் நலம் என்று நினைத்துக்கொள்வோம். கையெழுத்து இல்லாத கட்டம் அப்படி இல்லை, கதவைத் திறக்கிற எல்லோருக்கும் தெரியும்.

நாம் டிப்ளமோ முடித்து எங்கெங்கோ வேலைக்குப் போகப் போகிறோம். ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு மில்லில், ஒரு கூட்டுறவு பேங்க்கில் யாரோ எப்போதோ அமைத்துவிட்டுப் போன சர்வர் நம் கையில் கொடுக்கப்படும். 'மிரர் போட்டிருக்கு, பயமில்லை' என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். சேர்ந்த முதல் நாளே இரண்டு யூ இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். ரூட் மெயில் பெட்டியைத் திறந்து பாருங்கள். கடைசியாக எடுத்த பேக்கப்பில் இருந்து ஒரு ஃபைலையாவது திறந்து பாருங்கள்.

இந்த மூன்றுக்கும் சேர்த்து பத்து நிமிஷம்கூட ஆகாது. அதே கையோடு, வீட்டு வண்டியின் ஸ்டெப்னியையும் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிடுங்கள்!

- மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் என்ஜினீயரிங்